மாப்பிள்ளை காருக்குப் புது பிரேக்

போன மாதம் என் மகன் புதுக் கார் எடுத்தான். கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்ட கையோடு, கிரிவலப் பாதையில் ஒரு சுற்று வந்துவிடலாம் என்று என்னை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டான். அடி அண்ணாமலையைத் தாண்டும் இடத்தில், இளநீர் வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கன்றுக்குட்டி குறுக்கே துள்ளியது. அவன் பிரேக்கில் கால் வைப்பதற்குள் கார் கீச்கீச்சென்று கத்திவிட்டுத் தானாகவே நின்றது. நின்ற வேகத்தில், முன்னால் வைத்திருந்த விபூதிப் பொட்டலம் கண்ணாடியில் மோதி எங்கள் இரண்டு பேர் மேலும் கொட்டியது.

"பாத்தியாப்பா? நான் மிதிக்கவே இல்ல. அதுவே மிதிச்சிக்குது," என்று அவன் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் இரண்டும் சூடேறிவிட்டன. "இன்னாப்பா, பயந்துட்டியா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பயம் என்றால் யாருக்கும் புரியும். எனக்கு வந்ததோ வெட்கம். கன்றுக்குட்டி அது பாட்டுக்கு அம்மாவைத் தேடிப் போய்விட்டது. நான்தான் முகமெல்லாம் விபூதியோடு பழைய காலத்தில் போய் விழுந்து கிடந்தேன்.

கண்ணாடியை இறக்கியபோது அந்த வாசனையும் லேசாக வந்தது. புது பிரேக் கட்டை முதல்முதலாகச் சூடாகும்போது ஒரு நெடி வரும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெறும் இரும்புச் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டால் வருமே, அதோடு கொஞ்சம் கருகிய மயிர் வாசனையும் சேர்ந்தால் எப்படியோ அப்படி. பலருக்கு அது பணிமனை வாசனை. எனக்குக் கல்யாண வாசனை. மல்லிகை, சந்தனம், பன்னீர், அதோடு இது.

விஷயம் இதுதான். நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த காலத்தில், என் அக்கா வீட்டுக்காரர் தனசேகர் மாமா திருவூடல் தெருவில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார். ஸ்பீக்கர் பெட்டி, ட்யூப் லைட், ஜெனரேட்டர், மாப்பிள்ளை பெண் உட்காரும் வெல்வெட் நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுவார். அப்போதெல்லாம் முகூர்த்தத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்கார வைத்துத் தெருவெல்லாம் அழைத்து வந்தால்தான் கல்யாணம் கல்யாணமாக இருக்கும். திறந்த கார் வேண்டுமென்றால் வேலூரிலிருந்து வரவேண்டும். மாமா யோசித்தார். பெங்களூரில் ஒரு எஸ்டேட்காரர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த ஒரு காரைப் பேசி முடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

அது ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே சீட்டு, மேலே மடக்கித் தள்ளிவிடக்கூடிய துணிக் கூரை. உடம்பு தகரம்கூட இல்லை, ஃபைபர். நாங்கள் நாலு பேர் சேர்ந்து பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்துவிடுவோம், அவ்வளவு லேசு. கம்பெனிப் பெயர்த் தகடு எப்போதோ கழன்று போயிருந்ததால் அது எந்த ஊர் வண்டி என்று கடைசிவரை எங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. "பந்தயத்துல ஓடுற ஜாதிடா இது," என்று மாமா அதன் முதுகைத் தட்டிச் சொல்வார். காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடுவதற்காக யாரோ எங்கோ ஆசை ஆசையாகச் செய்த வண்டி, திருவண்ணாமலைக்கு வந்து நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்தது. சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். மறுநாளே ஊர் அதற்கு 'செவப்புத் தவளை' என்று பெயர் வைத்துவிட்டது.

லைசென்ஸ் என்னிடம்தான் இருந்தது, அதனால் டிரைவர் நான். மாமா எனக்கு வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, தங்க நிற ஜரிகை ஒட்டிய ஒரு தொப்பி தைத்துக் கொடுத்தார். கல்யாணத்தன்று அதைப் போட்டுக்கொள்வதாவது பரவாயில்லை, கூட்டத்தில் கரைந்துவிடலாம். பட்டப்பகலில் பெட்ரோல் போடப் போவதுதான் கொடுமை. அந்த வண்டியில் உட்கார்ந்தால் உட்கார்ந்த மாதிரியே இருக்காது, குழிக்குள் இறங்கிய மாதிரி இருக்கும். பக்கத்தில் டவுன் பஸ் வந்து நின்றால் அதன் டயருக்கு நேராக என் முகம். ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பது போல என்னை எட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம், என்னோடு படித்தவன் ஒருவன், அப்போதே அரசாங்க வேலையில் சேர்ந்துவிட்டவன், கழுத்தில் அட்டை தொங்க ஸ்கூட்டரில் வந்தான். என்னைக் குனிந்து பார்த்து, "இன்னாடா, குளிக்கிற தொட்டிய ஓட்டிகினு போற?" என்றான். நல்ல மனசோடுதான் கேட்டான். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

சின்ன வயசிலிருந்தே எனக்கு இந்தக் கோளாறு உண்டு. யார் பார்த்தாலும் கூசும். அப்படிப்பட்டவனுக்கு ஊரே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்கும் வேலை வாய்த்ததுதான் வேடிக்கை.

வண்டியின் பெரிய குறை பிரேக். நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். பெடலைச் சும்மா மிதித்தால் ஒன்றும் நடக்காது. சீட்டிலிருந்து இடுப்பைத் தூக்கி, உடம்பு கனத்தை எல்லாம் வலது காலில் இறக்கி மிதிக்க வேண்டும். அப்போதும் இடது பக்கமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, யோசித்து, நிற்கும். மெதுவாகத்தானே போகிறோம் என்று ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். என் வலது தொடை இடது தொடையைவிடப் பெருத்துவிட்டதாக அக்கா கேலி செய்வாள்.

ஒரு சாயங்காலம், தேரடித் தெருவில், முன்னால் வாசித்துக்கொண்டு நடந்த நாதஸ்வரக்காரர் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் மிதித்தேன். வண்டி யோசித்தது. பம்பர் போய் அவர் கெண்டைக்காலில் மெதுவாக ஒட்டியது. அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. நாதஸ்வரத்தை வாயிலிருந்து எடுக்காமலே அப்படியே முழு உடம்பையும் திருப்பி, அந்த நீண்ட குழல் என் முகத்துக்கு நேராக வரும்படி நின்று, சுரத்தை முடிக்கும்வரை என்னையே பார்த்தார். தெருவே என்னைப் பார்த்தது. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்றைக்கே மாமாவிடம் சொன்னேன், பிரேக்கை மாற்றணும் என்று.

"நடக்குற வேகத்துல போற வண்டிக்கு இன்னாத்துக்குடா பிரேக்கு? சைலன்சருக்கு நிக்கல் பூசலாம்னு இருக்கேன்," என்றார் அவர்.

அக்காதான் சமையல்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள். "அந்த மனுசன் காலு போயிருந்தா நீங்களா போயி நாதஸ்வரம் வாசிப்பீங்க?"

மாமா அக்காவுக்கு மட்டும் மறுபேச்சு பேசமாட்டார்.

என் சிநேகிதன் அன்வரிடம் போனேன். பள்ளியில் என் பெஞ்சுக்காரன். அவன் குடும்பத்துக்குப் பல வருஷமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேத் பட்டறை. இரண்டு பேரும் சேர்ந்து முன் சக்கர டிரம்மைக் கழற்றிவிட்டு, உடைக்க வந்த ஒரு குடும்பக் காரிலிருந்து டிஸ்க் பிரேக் எடுத்தோம். எடுத்தது பெரிது, எங்கள் சக்கரம் அதன்மேல் உட்காரவில்லை. அதனால் சக்கரத்தையும் மாற்றினோம். சக்கரம் மாறியதால் நடுவில் வைக்கும் வளையத்தை அன்வர் லேத்தில் கடைந்து கொடுத்தான். பிறகு, மிதிக்கிற காலுக்குப் பலம் சேர்க்கும் பூஸ்டர் என்று ஒன்று, உருண்டையாகச் சட்டி மாதிரி இருக்கும், அதையும் அதே காரிலிருந்து கழற்றி மாட்டினோம். பத்துப் பதினைந்து நாள் சட்டையெல்லாம் கிரீஸ். என் படிப்புக்கு நான் செய்த ஒரே வேலை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் எண்ணெயை இறக்குவதற்கு, அன்வர் கீழே படுத்துக்கொண்டு "மிதி" என்பான், நான் மிதிப்பேன். "வுடு" என்பான், விடுவேன். பட்டறை முழுக்க இதே பேச்சு.

அவலூர்பேட்டை ரோட்டில் போய்ச் சோதித்தோம். ஆளில்லாத நேர் ரோடு, இரண்டு பக்கமும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லை. அந்த வண்டி அன்றைக்குத்தான் முதல்தடவையாக அதன் ஜாதிக்கேற்ற மாதிரி ஓடியது. நல்ல வேகத்தில் போய் மிதித்தேன். இழுப்பு இல்லை, யோசனை இல்லை, கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. முன் சக்கரத்திலிருந்து அந்த நெடி புகையாக வந்தது. அன்வர் இறங்கி மூக்கை அருகில் கொண்டுபோய் மோந்தான்.

"பழசு கெஞ்சுனாதான் நிக்கும். இது சொன்னா நிக்கும்," என்றான்.

திரும்பி வரும்போது பஸ் ஒன்று பக்கத்தில் வந்தது. ஜன்னலோரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் தலையைக் குனியவில்லை.

வேகமாக ஓட்டித்தான் சோதித்தோம். நடக்கிற வேகத்தில் யார் பிரேக்கைச் சோதிப்பார்கள்?

அடுத்த முகூர்த்தம் கோவிந்தன் வீட்டுக் கல்யாணம். கோவிந்தன் அடி அண்ணாமலைக்காரர், ஒரு ஏக்கரில் சாமந்தி போடுகிறவர். எங்கள் கடைக்கு எப்போது வந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். மூத்த பெண் கஸ்தூரிக்குப் போளூர்ப் பக்கத்து மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் தாய்மாமன் திறந்த கார் இல்லாமல் அழைப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "வேலூரு காரு கெடைக்கல. உங்க தவளைய அனுப்புங்க தம்பி. மானத்த காப்பாத்துங்க," என்று கோவிந்தன் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாமந்தி பறித்துப் பறித்து மஞ்சள் ஏறிய விரல்கள்.

பிள்ளையார் கோயிலிலிருந்து பே கோபுரத் தெருப் பக்கமிருந்த மண்டபம் வரை அழைப்பு. விளக்கு வைக்கும் நேரம். தாய்மாமன் வண்டியைப் பார்த்ததும், "இதுவா காரு? பொம்மையாட்டம் கீது," என்றார். மாப்பிள்ளை ஒல்லியான, சாந்தமான ஆள். கோட்டும் தலைப்பாகையும் மாலையுமாக, பின்னால் மடக்கிய கூரைக்கு மேலே மாமா போட்டிருந்த வெல்வெட் பலகையில் ஏறி, காலைச் சீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

முன்னால் வாத்தியம். அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும், தலையில் ட்யூப் லைட் தாங்கிய பெண்கள். சும்மாட்டின்மேல் மரச்சட்டம், அதில் விளக்கு, ஒருவர் விளக்கிலிருந்து அடுத்தவர் விளக்குக்கு ஒயர். எல்லாம் சேர்ந்து கடைசியில் ஜெனரேட்டர் வண்டியில் முடியும். ஒருவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். வண்டிக்குச் சற்று முன்னால் இருந்தவர் அஞ்சலை என்ற பெண். மாமாவிடம் வழக்கமாக விளக்குத் தூக்க வருகிறவர்.

தெருமுனையில் வாத்தியக்காரர்கள் முன்னே போய்விட்டார்கள், நடுவில் பெரிய இடைவெளி. "இன்னாபா தூங்குறியா? வுடு வண்டிய," என்று தாய்மாமன் கதவைத் தட்டினார். நான் கொஞ்சம் வேகம் கொடுத்தேன். அந்த நேரத்தில் அஞ்சலையின் ஒயர் எதிலோ மாட்டியது. அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல், விளக்கோடு முழுசாகத் திரும்பி, அதை எடுத்துவிட வண்டிக்கு முன்னால் வந்துவிட்டார்.

நான் மிதித்தேன்.

கார் புதிதாக மாறியதே தவிர, என் கால் பழையதாகவே இருந்தது. ஒரு வருஷமாக எப்படி மிதித்துப் பழகியதோ அப்படியே, இடுப்பைத் தூக்கி, உடம்பு கனத்தையெல்லாம் இறக்கி மிதித்தது. பிரேக் சொன்னபடி நின்றது. அஞ்சலையின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால், ஆணி அடித்தது போல. வண்டிதான் நின்றது. மாப்பிள்ளை நிற்கவில்லை. என் தலைக்கு மேலே மாலை வாசனையோடு ஏதோ கடந்து போனதை உணர்ந்தேன். அவர் கண்ணாடியைத் தாண்டி, பானெட்டில் மோதி, சறுக்கி, தெருவில் முழங்காலில் போய் விழுந்தார். தலைப்பாகை தனியாக உருண்டு போய்ச் சாக்கடைக்குப் பக்கத்தில் நின்றது.

வாத்தியம் உடனே நிற்கவில்லை. பின்னால் நடந்தது தெரியாமல் அவர்கள் கொஞ்ச நேரம் வாசித்துக்கொண்டே போனார்கள். அந்த நேரத்தில் தெருவில் வேறு சத்தமே இல்லை. இரண்டு பக்கத்து வாசல்களிலும் பெண்கள், மாடியில் பெண்கள். பிறகு மாடியில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. அதை இப்போதும் என்னால் தனியாகப் பிரித்துக் கேட்க முடியும்.

மாப்பிள்ளைக்கு மூக்கில் ரத்தம், மோவாயில் சிராய்ப்பு, கோட்டில் கிழிசல். அவ்வளவுதான், எலும்புக்கு ஒன்றுமில்லை. கைத்தாங்கலாக மண்டபத்துக்கு நடத்திக்கொண்டு போய் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஓடியிருக்கலாம். அன்றைக்கு எனக்கு அந்த அளவுக்குக்கூடப் புத்தி வேலை செய்யவில்லை.

தாய்மாமன் என் சட்டையைப் பிடித்தார். "குடிச்சிருக்கான். டேய், ஊது."

நான் விழித்தேன்.

"ஊதுடா மூஞ்சில."

பந்திக்குக் காத்திருந்தவர்கள், சமையல்காரர்கள், இரண்டு வீட்டுச் சொந்தங்கள், எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஊதினேன். என் மூச்சு அவர் முகத்தில் படும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். சாயங்காலம் கோவிந்தன் வீட்டில் கொடுத்த கேசரி வாசனைதான் வந்திருக்கும். "வாசனையே இல்ல," என்று ஏமாற்றத்தோடு சொன்னார். குடித்திருந்தாலாவது ஒரு காரணம் இருந்திருக்கும். என் பக்கத்துக்கும் அவர் பக்கத்துக்கும் அது வசதியாக இருந்திருக்கும்.

"அப்ப ஏண்டா அப்பிடி மிதிச்ச?" என்றார்.

முன்னால் ஒரு பெண் வந்துவிட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் அஞ்சலை, விளக்கை இறக்காமல், தலையில் வெளிச்சத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவர் என்னையே பார்த்தார். என் நாக்கு எழவில்லை. அவரைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதீர்கள், அவ்வளவு பெரிய மனசெல்லாம் இல்லை. இத்தனை பேர் பார்க்கும்போது எனக்கு எப்போதுமே வார்த்தை வராது.

தாய்மாமன் கோவிந்தன் பக்கம் திரும்பினார். அழைப்பு பாதியில் நின்றுவிட்டது, மாப்பிள்ளை ரத்தம் சிந்திவிட்டான், தலைப்பாகை தெருவில் உருண்டது, இதைவிடக் கெட்ட சகுனம் வேண்டுமா, காலையில் தாலி கட்டுவதை யோசிக்க வேண்டியிருக்கும் என்றார். அவர் பேசப் பேச கோவிந்தனின் முகம் சிறுத்துக்கொண்டே போனது. "நாந்தான் இந்த வண்டிய பேசுனேன். தப்பு என்னுதுங்க," என்றார். பிறகு, நாங்கள் யாரும் தடுப்பதற்குள், தன்னைவிட இளையவரான அந்த மனிதரின் காலடியில், ஈரம் மிதிபட்ட அந்தத் தரையில், புது வேட்டியோடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. தாய்மாமனும் எழுந்திரு என்று சொல்லவில்லை.

என்னை ஊதச் சொன்னது அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. நான் மிதித்ததற்கு அவர் விழுந்து கிடக்கிறார். தரையில் விரிந்து கிடந்த அந்த மஞ்சள் விரல்களைப் பார்த்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையிலிருந்த தொப்பியின் ஜரிகையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தனசேகர் மாமா எப்போது வந்தார் என்று தெரியாது, எனக்குப் பின்னால் நின்று என் தோளில் கை வைத்திருந்தார்.

அப்போது உள்ளேயிருந்து கஸ்தூரி வந்தாள். பாதி அலங்காரம். ஒரு பக்கத் தலைக்குத்தான் பூ வைத்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வழிவிடவும் இல்லை, அவளே நகர்த்திக்கொண்டு வந்தாள். தரையில் கிடந்த அப்பாவைப் பார்த்தாள். தாய்மாமனைப் பார்க்கவே இல்லை. நேராக நாற்காலிக்குப் போய், மூக்கில் ஈரத்துணியை வைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஜாஸ்தி இல்ல," என்றார்.

"அப்ப எங்கப்பாவ எழுந்திரிக்கச் சொல்லுங்க."

குரல் உயரவே இல்லை. மாப்பிள்ளை துணியை மூக்கிலிருந்து எடுத்தார். மாமனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, வலிக்கிற முழங்காலைக் கஷ்டப்பட்டு மடக்கிக் குனிந்து, கோவிந்தனின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினார். தூக்கும்போது அவர் மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கோவிந்தனின் சட்டையில் விழுந்தது. "எழுந்திருங்க மாமா," என்றார். அதற்கு முன்னால் அவர் கோவிந்தனை மாமா என்று கூப்பிட்டிருப்பாரா தெரியாது. தாய்மாமன் ஏதோ சொல்ல வந்தார். மாப்பிள்ளை, "பசிக்குது. பந்தி போடச் சொல்லுங்க," என்று மட்டும் சொன்னார். கஸ்தூரி திரும்பி உள்ளே போய்விட்டாள், மீதித் தலைக்குப் பூ வைக்க.

காலையில் கல்யாணம் நடந்தது. நான் பார்க்கவில்லை. மோவாயில் பிளாஸ்திரியோடு மாப்பிள்ளை தாலி கட்டினார் என்று மாமா வந்து சொன்னார்.

முந்தின ராத்திரி, எல்லாரும் பந்திக்குப் போன பிறகு, மண்டபத்துக் கொல்லைப்புறக் குழாயில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அஞ்சலை விளக்கை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "நீ அப்பிடி மிதிக்கலன்னா என் காலு போயிருக்கும்பா," என்றார். "கேட்டப்ப என் பேர சொல்லாம வுட்டியே."

"சொல்லத்தான்க்கா பார்த்தேன். வாய் வரல," என்றேன்.

"வராம போனதும் நல்லதுதான். சொல்லியிருந்தா அவங்க என்னியுந்தான் ஊதச் சொல்லியிருப்பாங்க," என்று சொல்லிவிட்டு, சும்மாட்டுத் துணியை என்னிடம் நீட்டினார், முகம் துடைக்க. விளக்குச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு ஊரில் எனக்கு 'ஏரோப்ளேன்' என்று பெயர். டீக்கடையில் போய் உட்கார்ந்தால், "கெட்டியா புடிச்சிகினு உக்காருங்கடா, வந்துட்டான்," என்பார்கள். பே கோபுரத் தெரு வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்றாலும் பெரிய தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். அன்வர் பூஸ்டரைக் கழற்றிவிட்டு மிதியைக் கொஞ்சம் கடினமாக்கிக் கொடுத்தான். மாமா பலகைக்கு முன்னால் ஒரு பிடி கம்பி பொருத்தி அதற்கு நிக்கல் பூசினார். பூசணும் என்ற அவர் ஆசை அப்படித் தீர்ந்தது.

இரண்டு மூன்று வருஷம் போயிருக்கும். ஒருநாள் கடை வாசலில் யாரோ செருப்பை விடும் சத்தம். எட்டிப் பார்த்தால் கோவிந்தன். நான் சட்டென்று ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். அவ்வளவு பெரிய ஆள், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த ஆள், தூசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தேன். அவர் மாமாவிடம், சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம், அதே வண்டிதான் வேண்டும் என்றார். மாமாவே திகைத்துவிட்டார். "வேற எதாவது..." என்று இழுத்தார்.

"அதே வண்டி. அந்தத் தம்பியே ஓட்டட்டும்," என்றார் கோவிந்தன். "பெரியவ சொல்லி அனுப்புனா. வேற யாரும் ஓட்டக் கூடாதாம்."

பெட்டிக்குப் பின்னால் எனக்குத் தும்மல் வந்தது. தும்மிவிட்டேன். அவர் கேட்காத மாதிரி செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஓட்டினேன். புது மாப்பிள்ளை கம்பியை இரண்டு கையாலும் பிடித்த பிடியை மண்டபம் வரும்வரை விடவில்லை, கும்பிட்டவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். கோவிந்தன் வாத்தியத்தோடு போகாமல், என் பக்கத்துக் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். நான் அவர் நடைக்கு ஓட்டினேன், அவர் நின்றால் நின்றேன். பிடித்துக்கொள்ள வைத்த கையா, தைரியம் சொல்ல வைத்த கையா, இன்றைக்கும் தெரியாது. தெருவே பார்த்தது. அவர் கை கதவில் இருந்த அந்த நேரம் முழுக்க என் கழுத்து நிமிரவில்லை.

பிறகு எனக்கு ஒரு மில்லில் வேலை கிடைத்து வெளியூர் போனேன், ஓய்வு பெற்றுத்தான் திரும்பி வந்தேன். வண்டியை மாமா துண்டு துண்டாக விற்றார், முதலில் போனது அந்த முன் பிரேக்தான். மாமா இப்போது இல்லை. சவுண்டு சர்வீஸ் இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அன்வர் ஆம்பூர் பக்கம் போய்விட்டான், பட்டறைக்கு மேலே லாட்ஜ் எழும்பிவிட்டது. அந்த மண்டபம் ஜவுளிக் கடை. கல்யாணமெல்லாம் பைபாஸ் ஓரத்து மண்டபங்களுக்குப் போய்விட்டது. அங்கே மாப்பிள்ளை கார் நிறுத்துமிடத்திலிருந்து மேடை வரைக்கும்தான் நடக்கிறார். விளக்குத் தூக்கிய பெண்கள் எங்கே போனார்கள், அஞ்சலை இருக்கிறாரா என்று மாமாவிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே காலம் போய்விட்டது.

போன வாரம் சாயங்காலம் பே கோபுரத் தெரு வழியாக வந்தேன். இப்போதெல்லாம் அந்தத் தெருவில் என்னை யாருக்கும் தெரியாது. பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. ரோஜா ஒட்டிய ஒரு பெரிய கார், கறுப்புக் கண்ணாடி ஏற்றியபடி என்னைத் தாண்டிப் போய் முனையில் திரும்பிவிட்டது. உள்ளே மாப்பிள்ளை இருந்தாரா, தெரியவில்லை. ஒரு வீட்டிலிருந்து வயசான அம்மா ஒருவர் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வேகவேகமாக வாசலுக்கு வந்தார். அவர் வருவதற்குள் தெரு காலியாகிவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"யாரு வூட்டு கல்யாணம்பா?"

"தெரியலைங்கம்மா," என்றேன்.